இடம் நிரப்ப எழுதிய வரி

ஷெபாய்கன்
ஜூன் 4

மாரிட்,

போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். போனில் பேசிப் பேசியே ஆளைக் கவிழ்த்துவிடுவாய். மில்வாக்கிக் கல்லூரியில் நாலு வருஷம் உன்னோடு ஒரே அறையில் குப்பை கொட்டியவளுக்கு அது தெரியாதா? எழுது. வார்த்தைக்காகத்தானே உனக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள், அதையும்தான் பார்ப்போமே.

உனக்கு வேலை கிடைத்த செய்தியை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் தெரியுமா? நான் வேலை பார்க்கிற கஸ்டர்ட் ஐஸ்கிரீம் கடையில், மதிய இடைவேளையில், கையெல்லாம் வனிலா பிசுபிசுக்கப் போனைத் திறந்தேன். உன் விளம்பரக் கம்பெனி பெருமையாகப் படம் போட்டிருந்தது. செங்கல் சுவர் முன்னால் நீ கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாய். 'எங்கள் புதிய ஜூனியர் காப்பிரைட்டர்' என்று கீழே கொட்டை எழுத்து.

செப்டம்பரில் அட்லாண்டா போவோம் என்று சொன்னது யார்? விளம்பரப் பள்ளிக்குச் சேர்ந்தே விண்ணப்பித்தோம், நீ எழுத்துப் பிரிவு, நான் படப் பிரிவு. இரண்டு பேருக்கும் இடம் கிடைத்த அன்றைக்குப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதவள் நீதான். ஜூலை 12க்குள் வருகிறோம் என்று பதில் அனுப்ப வேண்டும். அதற்குள் நீ பாட்டுக்கு மினியாபொலிஸுக்கு நழுவிவிட்டாய். சரி, வேலை கிடைத்தால் படிப்பை விடுவது ஊரில் நடக்காததா? அதைக்கூட நான் விழுங்கியிருப்பேன்.

படத்துக்குக் கீழே எழுதியிருந்ததைத்தான் விழுங்க முடியவில்லை. 'காது மந்தமான தன் அப்பாவைப் பற்றி மாரிட் எழுதிய ஒரே வரி எங்களை அசைத்துவிட்டது.'

உன் அப்பாவா? ஓ கிளேர் ஊர்த் தேவாலயப் பாட்டுக்குழுவில் கடைசி வரிசையில் யாருக்குச் சுதி விலகினாலும் திரும்பிப் பார்த்து முறைக்கிற மனுஷனுக்கா காது மந்தம்?

அது என் அப்பா. குளியல் தொட்டி வார்க்கிற ஆலையில் முப்பது வருஷம் நின்று காதைத் தொலைத்தவர். வரியும் என்னுடையது. கல்லூரியில் நாம் சேர்ந்து செய்த விளம்பரத் தொகுப்பில், காது கருவி விளம்பரத்துக்குப் படத்தைக் கத்தரித்து ஒட்டிவிட்டு, நீ நல்ல வரி யோசிக்கிற வரைக்கும் இடம் நிரம்பட்டுமே என்று வாயில் வந்ததைத் தட்டி வைத்தேன்: 'என்ன சொன்னாய் என்று கேட்பதை அப்பா நிறுத்திவிட்டார். காது சரியாகிவிட்டது என்று நினைத்தோம்.' நீ அதைப் பார்த்துவிட்டு, "இதுவே இருக்கட்டும்டி" என்றாய். எப்போதும் போல நானும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

வரியை எடுத்துக்கொண்டாய். அப்பாவையும் ஏன்டி எடுத்துக்கொண்டாய்?

டெஸ்ஸா


மினியாபொலிஸ்
ஜூன் 8

டெஸ்ஸா,

காகிதத்தில்தான் வேண்டுமா? இந்தா, வாங்கிக்கொள்.

இந்தத் தொழிலின் வழக்கம் உனக்குத் தெரியாதா, தெரியாத மாதிரி நடிக்கிறாயா? ஜோடியாக வேலை செய்தால் யார் வாயிலிருந்து எது வந்தாலும் வார்த்தை காப்பிரைட்டர் கணக்கு, படம் ஆர்ட் டைரக்டர் கணக்கு. அந்தப் படம் யாருடைய யோசனை? சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சிரிக்கிறார்கள், உன் அப்பா மட்டும் மற்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு கணம் பிந்திச் சிரிக்கிறார். நன்றி நாள் விருந்துக்கு உங்கள் வீட்டுக்கு வந்தபோது அதைக் கவனித்தவள் நான். இருபது வருஷமாக அதே மேசையில் தின்ற நீ கவனிக்கவில்லை. அந்தப் படத்துக்குக் கீழே 'டெஸ்ஸா கிரபோவ்ஸ்கி' என்றுதான் இருக்கிறது. நான் எப்போதாவது குறுக்கே வந்தேனா?

அட்லாண்டா, அட்லாண்டா என்கிறாய். இரண்டு வருஷம் படித்துவிட்டு எந்த வாசலில் போய் நிற்கப் போகிறோம்? இதே வாசலில், இதே ஜூனியர் வேலைக்கு. கதவு இப்போதே திறந்தால், மன்னிக்க வேண்டும், நான் இரண்டு வருஷம் பாடம் படித்துவிட்டு வருகிறேன் என்றா சொல்வார்கள்? உன்னையும் கூப்பிடச் சொல்லிக் கேட்டேன். ஆர்ட் டைரக்டர் இடம் இப்போது காலியில்லை என்றார்கள். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று பத்து நாள் தள்ளிப் போட்டேன். அது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன்.

அப்பா விஷயம். நேர்முகத்தில் எதிரே உட்கார்ந்திருந்தவள் கொரின். கிரியேட்டிவ் டைரக்டர். வேலை கொடுப்பதும் பிடுங்குவதும் அவள்தான். அந்த விளம்பரத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "இது யாரோட அப்பா?" என்றாள். என் பார்ட்னரோட அப்பா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் கண் கலங்கியிருந்தது. "எங்க அப்பா" என்று வந்துவிட்டது. வந்த பிறகு எப்படித் திரும்ப விழுங்குவது? வரிக்குப் பின்னால் சொந்தக் கதை இல்லாவிட்டால் இங்கே நம்மை ஒரு மனுஷியாகவே மதிக்க மாட்டார்கள். நீ அந்த நாற்காலியில் இருந்திருந்தால் தெரியும்.

உனக்குப் பொறாமை. சொல்லிவிட்டேன், போ.

மாரிட்


ஷெபாய்கன்
ஜூன் 12

மாரிட்,

பொறாமைதான். வைத்துக்கொள். இதோடு ஒரு சீட்டு வைத்திருக்கிறேன், அதையும் வைத்துக்கொள்.

வெள்ளிக்கிழமை அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் மீன் வறுவல் சாப்பிடப் போனோம். உன் கம்பெனி போட்ட பதிவை அம்மா அவருக்குப் போனில் காட்டினாள், அவளுக்கு விஷயம் தெரியாது. அப்பா கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தார். பிறகு என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"இந்தப் பொண்ணோட அப்பாவுக்கும் காது போச்சா? நம்ம வீட்டுக்கு வந்தப்ப ஒரு வார்த்தை சொல்லலியே. பாவம்மா அந்த மனுஷன். கூட்டத்துல உக்காந்து எல்லாரும் சிரிக்கறப்ப நாமளும் சிரிக்கணும் பாரு, அது பெரிய கொடுமை."

நான் தட்டில் இருந்த உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கடைக்காரியிடம் பேனா வாங்கி, காகிதத் துண்டில் அவருடைய காது டாக்டர் நம்பரை எழுதினார். "இதை அவ அப்பாவுக்குக் குடு. மெஷின் மாட்டின மொத ரெண்டு வாரம் தட்டு கழுவற சத்தமே இடி விழற மாதிரி இருக்கும், கழட்டித் தூக்கிப் போட்டுடாதீங்கன்னு சொல்லு. நான் போட்டுட்டேன், ஒரு வருஷம் வீணாப் போச்சு."

நான் "சரிப்பா" என்றேன். வேறென்ன சொல்ல? அது உங்க கதைதான்பா, அவள் திருடிக்கொண்டு போய்விட்டாள் என்றா சொல்ல முடியும்? சொன்னால் வீட்டு மேசையில் அவர் பிந்திச் சிரித்ததை நாம் இரண்டு பேரும் விளம்பரமாக்கிவிட்டோம் என்பதையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்? அந்த விளம்பரத்தை நான் அவருக்குக் காட்டியதே இல்லை. உன்னால் எனக்கும் வெட்கமாக இருக்கிறது. அதற்கும் சேர்த்துத்தான் உன்மேல் ஆத்திரம்.

அந்தச் சீட்டுதான் இது. உன் அப்பாவிடம் கொடு. கொடுக்கும்போது அவர் முகத்தை நன்றாகப் பார்.

கதை பேசாதே. வழக்கம், கணக்கு என்று எனக்கு வகுப்பெடுக்காதே. கொரினிடம் போய் அது யாருடைய அப்பா, யாருடைய வரி என்று சொல். சொல்லாவிட்டால் இனி எனக்குக் கடிதமும் வேண்டாம்.

டெஸ்ஸா


மினியாபொலிஸ்
ஜூன் 19

டெஸ்ஸா,

சொல்லிவிட்டேன்.

சீட்டு வந்ததிலிருந்து அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா நம்பரில் ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போட்டு எழுதியிருக்கிறாரே, கண் அதிலேயே போய் நின்றது. நாலு நாள் பொறுத்தேன். திங்கட்கிழமை காலை கொரின் அறைக்குப் போனேன்.

"அந்த அப்பா என்னோட அப்பா இல்ல. என் பார்ட்னரோட அப்பா. வரியும் அவ எழுதினதுதான்" என்றேன். வெளியே போ என்பாள், பெட்டியைக் கட்டலாம் என்று நினைத்தேன்.

அவள் சாலட் தின்றுகொண்டிருந்தாள். முள்கரண்டியைக் கீழே வைக்கக்கூட இல்லை. "ஆர்ட் டைரக்டர் எழுதினதை எடுத்துக்காத காப்பிரைட்டர் யாரு இங்க? நானே பாதி அப்படித்தான் மேல வந்தேன். அப்பா விஷயத்துல பொய் சொன்னதுதான் அசிங்கம். அந்தப் பதிவை எடுக்கச் சொல்றேன்" என்றாள். கதவருகே போனவளை நிறுத்தி, "உனக்கு எழுத வருமா?" என்று கேட்டாள். வரும் என்றேன். "மூணு மாசம். எழுதிக் காட்டு" என்றாள்.

பதிவை எடுத்துவிட்டார்கள், பார்த்திருப்பாய். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. மதியம் கொரினே என் மேசைக்கு வந்தாள். ஆகஸ்டில் ஒரு ஜூனியர் ஆர்ட் டைரக்டர் இடம் காலியாகிறதாம். "அந்தப் பொண்ணைக் கூப்பிடு. நீங்க ரெண்டு பேரும் ஜோடியாவே உக்காருங்க" என்றாள்.

டெஸ், கேட்டாயா? அட்லாண்டா வேண்டாம், இரண்டு வருஷம் வேண்டாம். அதே வாசல், ஆனால் சேர்ந்து. மில்வாக்கி நூலகத்தின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருந்த மாதிரியே எதிரெதிரே உட்காரலாம். என் அறையில் இன்னொரு கட்டில் போட இடம் இருக்கிறது. வா. திட்டுவதாக இருந்தால் இங்கே வந்து திட்டு.

மாரிட்


ஷெபாய்கன்
ஜூன் 23

மாரிட்,

உன் கடிதத்தைக் கடையின் குளிர்பதன அறைக்குள் நின்று படித்தேன். அங்கேயும் எனக்கு உடம்பு கொதித்தது.

சொன்னாய். சரி. நன்றி என்று எழுத மாட்டேன், எடுத்ததைத் திருப்பிக் கொடுத்ததற்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

அந்த வேலையை நான் ஏன் வேண்டாம் என்கிறேன் என்று உனக்குப் புரியுமா என்று தெரியவில்லை. உன் கொரின் என்ன சொன்னாள்? ஆர்ட் டைரக்டர் எழுதினதை எடுத்துக்காதவர் யார் என்றாள். அவள் சர்வ சாதாரணமாகச் சொன்ன அந்த இடத்தில் உட்காரத்தான் என்னைக் கூப்பிடுகிறாய். நான் படத்தை ஒட்டுவேன், இடம் நிரம்ப ஒரு வரி தட்டுவேன், நீ எட்டிப் பார்த்து "இதுவே இருக்கட்டும்டி" என்பாய். மாதாமாதம் சம்பளத்தோடு. உனக்கு மூன்று மாசம் கொடுத்திருக்கிறாளே, எழுதிக் காட்டு என்று? அதற்குத்தானே என்னை அவசரமாகக் கூப்பிடுகிறாய்? பொய் என்றால் பொய் என்று எழுது.

இந்த மூன்று வாரமாக நம் தொகுப்பை எடுத்து எடுத்துப் பார்த்தேன். பதினாலு விளம்பரம். வார்த்தை என்ற இடத்தில் பதினாலிலும் உன் பெயர். நான் வரைகிறவள், எனக்கு எழுத வராது, இதெல்லாம் சும்மா இடம் நிரப்புவது என்று நாலு வருஷம் நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு பெரிய கிரியேட்டிவ் டைரக்டரைக் கண் கலங்க வைத்த பிறகுதான் எனக்கே உறைக்கிறது. எவ்வளவு பெரிய முட்டாள் நான்! உன்னை மட்டும் திட்டுவதால் அது தீர்ந்துவிடாது.

அட்லாண்டாவுக்குப் போன் செய்தேன். படப் பிரிவிலிருந்து எழுத்துப் பிரிவுக்கு மாற வேண்டும் என்றேன். பள்ளித் தலைவர் நல்லவராகத்தான் பேசினார். "மாறலாம்மா. ஆனா நாலு விளம்பரத்துலயாவது வார்த்தை உன்னோடதுன்னு இருக்கணுமே. உன் தொகுப்புல ஒண்ணுகூட இல்லியே" என்றார். கடைசியில் ஒரு வழி சொன்னார். வார்த்தைக்குப் பெயர் போட்டிருக்கிறவள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வாராம். ஜூலை 12க்குள்.

அதைத்தான் கேட்கிறேன். நாலு. எந்த நாலு என்று நீயே எழுது, எனக்கு உன்னிடம் பேரம் பேச விருப்பமில்லை. ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு ஒளித்தேன் என்று சொல்லாதே. அந்தத் தலைவர் பத்து வருஷம் முன்பு கொரினோடு வேலை பார்த்தவராம், பேச்சுவாக்கில் சொன்னார். நீ கையெழுத்துப் போடுவது அவள் காதுக்கும் போகும். ஒரு வரி போனதற்குச் சாலட் தின்றுகொண்டே மன்னித்தாள். நாலு போனால் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது.

போட்டால் போடு. போடாவிட்டால் படப் பிரிவுக்கே போகிறேன். உன்னோடு மட்டும் உட்கார மாட்டேன்.

டெஸ்ஸா


மினியாபொலிஸ்
ஜூன் 28

டெஸ்ஸா,

பொய் இல்லை. நீ எழுதியது நிஜம்தான். மூன்று மாசத்துக்கு நீ வேண்டும் என்றுதான் கூப்பிட்டேன். வேறு காரணமும் இருந்தது, ஆனால் முதலில் அதுதான்.

இப்போது என் முறை. எனக்கும் வயிறெரிகிறது, கேள்.

போன வாரம் ஒரு சீஸ் கம்பெனிக்கு இருபது வரி எழுதிக் கொடுத்தேன். கொரின் இருபதையும் படித்துவிட்டு, "ம்" என்றாள். இருபதுக்கும் சேர்த்து ஒரு 'ம்'. அன்றைக்கு வீட்டுக்கு வந்து யோசித்தேன், நூலகத்தில் எனக்கு எல்லாம் எவ்வளவு சுலபமாக வந்தது என்று. வரவே இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. நீ தட்டி வைத்திருப்பாய், நான் வந்து எட்டிப் பார்ப்பேன், ஒரு சொல்லை முன்னே பின்னே மாற்றுவேன், நான் எழுதிவிட்டதாக நினைத்துக்கொள்வேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "இது நான் எழுதினது, நீ வேற எழுது" என்று சொல்லியிருந்தால் உனக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? நான் அன்றைக்கே கற்றுக்கொண்டிருப்பேன். இல்லை என்றால் அன்றைக்கே வேறு வேலை பார்த்திருப்பேன். நாலு வருஷம் என்னை எழுத்தாளர் என்று நம்ப வைத்தாயே, அது என்ன தர்மமா? நல்லவளாக இருந்து என்னைக் கெடுத்துவிட்டாய்டி. 

அட்லாண்டாவுக்குப் போக வேண்டியவள் நான்தான். என் இடத்தை ஜூன் தொடக்கத்திலேயே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கேட்டுப் பார்த்தேன், வேறு யாருக்கோ கொடுத்தாகிவிட்டதாம்.

நாலு கேட்டாய். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தொகுப்பைத் தரையில் பரப்பி, ஒவ்வொன்றையும் யார் முதலில் சொன்னது என்று நினைத்துப் பார்த்தேன். சந்தேகம் வந்த இடத்தில் உன் பக்கம் எழுதினேன். காது கருவி, நாய் தத்து எடுப்பது, பழைய புத்தகக் கடை, இரவு பஸ், மெத்தை, கையுறை, ரத்த தானம், பல் டாக்டர், வாடகை லாரி. நாலு இல்லை. ஒன்பது.

ஒன்பதுக்கும் தனித்தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். யாரோ போய்ச் சொல்லி அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று கொரினுக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். இந்தத் தடவை முள்கரண்டியைக் கீழே வைத்தாள். ஒன்பதையும் படித்து முடித்துவிட்டு, "மிச்சம் அஞ்சுல எது உனக்குப் பிடிச்சது?" என்றாள். ஐந்தையும் மனதில் ஓட்டிப் பார்த்தேன். எனக்கே ஒன்றும் பிடிக்கவில்லை. "அடுத்த வெள்ளிக்கிழமை பேசலாம்" என்றாள். வெள்ளிக்கிழமை என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும்.

உன் அப்பாவின் சீட்டை என் அப்பாவிடம் நான் கொடுக்கவில்லை. நடந்ததை அவரிடம் சொன்னேன். இரண்டு நாளாக நான் போன் செய்தால் அவர் எடுப்பதில்லை.

மாரிட்


ஷெபாய்கன்
ஜூலை 2

மாரிட்,

வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேர வேண்டும் என்று விரைவுத் தபாலில் போடுகிறேன்.

என்மேல் நீ சொன்ன குற்றத்தை இரண்டு நாள் மென்றேன். கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கொஞ்சம்தான். சும்மா அதைத் தலைக்கு ஏற்றிக்கொள்ளாதே. உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை, எப்போது தீரும் என்றும் தெரியவில்லை.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, விளம்பரத்தையும் காட்டினேன்.  "நான் சிரிக்கறது அவ்வளவு பச்சையாவா தெரிஞ்சுது?" என்று மட்டும் கேட்டார். பிறகு கருவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். அதை நாம் இரண்டு பேரும் சுமக்க வேண்டியதுதான்.

உன் பட்டியலில் ஒரு தப்பு இருக்கிறது. கையுறை என்னுடையது இல்லை. மூன்றாம் வருஷம் ஜனவரியில், பஸ் நிறுத்தத்தில், ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நீ சொன்னாய்: 'ஒன்று தொலையத்தான் போகிறது. அதனால் மூன்றாக விற்கிறோம்.' நான் சிரித்த சிரிப்பில் பஸ்ஸை விட்டோம். நான் அதற்குப் படம் மட்டும்தான் போட்டேன். யோசனையும் நீ, வார்த்தையும் நீ. பதினாலில் எனக்குப் பிடித்தது அதுதான், என்னுடைய எட்டையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஒன்பது தாளையும் திருப்பி அனுப்புகிறேன். கையுறையை எடுத்துவிட்டு எட்டுக்கு மட்டும் புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. வெள்ளிக்கிழமைக்கு முன் கொரினிடம் இருக்கிற பிரதியையும் திருத்து, எது பிடித்தது என்று கேட்டாளே, அதற்கும் பதில் சொல். பன்னிரண்டாம் தேதிக்கு நேரம் இருக்கிறது.

எனக்கு உன் வரி வேண்டாம்.

டெஸ்ஸா